புல்லுக்குக் கொடுத்த கடன்

ஆடு வளர்ப்போருக்குக் கடன் தருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஆடு?" என்றுதான். பெட்டைக்கு இவ்வளவு, கிடாய்க்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, காப்பீட்டுக்கான காதுவில்லையை மாட்டி, தவணைத் தேதியைக் குறித்துவிட்டால் கோப்பு முடிந்துவிடும். தெலங்கானாவின் மேய்ப்பர் சங்கங்களுக்கும் அவர்களுக்குப் பணம் தர முன்வரும் முதலீட்டாளர்களுக்கும் நடுவில் நின்று வேலை பார்த்தவள் நான். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஆடு எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், அது எங்கே மேயும் என்று கேட்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தைத் தொடாத பணம், மேய்ப்பரின் தலையில் கடனாக மட்டுமே நிற்கும்.

எங்கள் குடும்பத்தை மல்காஜ்கிரிக்குக் கொண்டுவந்தது ரயில்வே. அப்பாவுக்கு லாலாகுடா பணிமனையில் வேலை. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடைவீதியில் தக்கனி உருது என்று வளர்ந்தோம். அப்போது மவுலாலி குன்றைச் சுற்றியும் நேரேட்மெட் பக்கமும் வெற்று நிலம் நிறைய இருந்தது. கம்பளிக்குப் பெயர்போன கறுப்புச் செம்மறிகள் அங்கே மேய்ந்து திரியும். இன்று அவை எல்லாம் அடுக்குமாடிகள். 2016இல் மேட்சல்–மல்காஜ்கிரி தனி மாவட்டமான பிறகு, நகரம் வடக்கே இன்னும் வேகமாக நகர்ந்தது. 158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலையின் இருபுறமும் மனைப்பிரிவுக் கற்கள் முளைத்தன. மந்தைகள் நடந்த தடங்கள் அந்தக் கற்களுக்கு அடியில் போயின.

என் களம் சித்திபேட்டை, மேதக் மாவட்டங்கள். 2023 அக்டோபரில் சித்திபேட்டைக்கு ரயில் வந்தபோது, மல்காஜ்கிரியில் ஏறி மேட்சல், மனோஹராபாத், கஜ்வேல் வழியாகவே களத்துக்குப் போக முடிந்தது. அந்தப் பாதையில் சன்னலோரம் உட்கார்ந்தால் போதும், மேய்ச்சல் நிலத்துக்கு என்ன ஆயிற்று என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. முதலில் மனைகள், பிறகு கிடங்குகள், அதற்குப் பிறகு கண்ணுக்கெட்டிய வரை நெல். ஆடு மேயும் மேட்டுநிலம் இடையிடையே துண்டு துண்டாகத்தான் தெரியும்.

நான் வேலையில் சேர்ந்த நாள்களில் இந்தியாவின் குறுங்கடன் தொழிலுக்கு ஐதராபாத்தான் தலைநகரம். பேசிக்ஸ், எஸ்.கே.எஸ்., ஸ்பந்தனா, ஷேர் என்று பெரிய நிறுவனங்கள் பலவும் இங்கிருந்தே இயங்கின. வாரத் தவணை என்பது அன்றைய மந்திரம். கிராமங்களில் ஒரே குடும்பத்தின் மேல் பல கடன்கள் ஏறின. வசூல் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் வரிசையாக வர, 2010 அக்டோபரில் அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தொழில் கிட்டத்தட்ட நின்றேபோனது.

மேய்ப்பர் வீடுகளில் அந்த நெருக்கடிக்கு இன்னொரு முகமும் இருந்தது. செம்மறி சினையாகி ஈன ஐந்து மாதம் ஆகும். குட்டி விற்கும் அளவுக்கு வளர மேலும் நான்கைந்து மாதம் வேண்டும். ஆனிமாதம் வாங்கிய பெட்டை ஆடு, வீட்டுக்குக் காசு கொண்டுவர ஏறத்தாழ ஓர் ஆண்டு பிடிக்கும். வாரத் தவணை அதுவரை காத்திருக்காது. தவணை கட்டப் பெட்டைக்குட்டியை விற்பார்கள், பிறகு தாயை விற்பார்கள். மந்தையைப் பெருக்க வாங்கிய கடன் மந்தையையே தின்றுவிடும். ஆட்டின் வயிற்றுக்கும் வானத்தின் மழைக்கும் ஒரு காலக்கணக்கு உண்டு. கடனின் காலக்கணக்கு அதற்குப் பணிந்துபோக வேண்டும் என்ற தெளிவு எனக்கு அந்த ஆண்டுகளில்தான் வந்தது.

அப்போதுதான் 'இம்பாக்ட் முதலீடு' என்ற பேச்சு எங்கள் ஊருக்கும் வந்தது. 2007இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இத்தாலியின் பெல்லாஜியோவில் கூட்டிய சந்திப்பில் சூட்டப்பட்ட பெயர் அது. போட்ட பணம் திரும்பி வர வேண்டும், கூடவே மனிதருக்கும் மண்ணுக்கும் நன்மை விளைந்ததை அளந்து காட்டவும் வேண்டும் என்பதே அதன் சாரம். நன்கொடையில் இந்தத் திரும்பக் கேட்டல் இல்லை, வங்கிக் கடனில் இந்த அளத்தல் இல்லை. காத்திருக்கத் தெரிந்த பணம் என்று மேய்ப்பர்களிடம் அதைச் சொல்வேன். அவர்களுக்கு உடனே புரியும். அவர்கள் செய்வதும் காத்திருக்கும் தொழில்தானே.

2017 ஜூன் 20 அன்று சித்திபேட்டை மாவட்டம் கொண்டபாகாவில் தெலங்கானா அரசு செம்மறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இருபது பெட்டை, ஒரு கிடாய் என இருபத்தோர் ஆடுகள் ஓர் அலகு. விலை 1,25,000 ரூபாய். அதில் 75 சதவீதம் மானியம், பயனாளி தன் பங்காக 31,250 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகத்தின் கடனை வைத்து நடந்த மிகப் பெரிய திட்டம் அது. கொல்லா, குருமா மேய்ப்பர் சமூகங்களைத் தொழில் தெரிந்த மக்களாக ஓர் அரசு மதித்துப் பணம் ஒதுக்கியது என்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி உண்டு. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் 1.28 கோடியாக இருந்த தெலங்கானாவின் செம்மறிகள் 2019இல் 1.91 கோடியாயின. செம்மறி எண்ணிக்கையில் மாநிலம் நாட்டிலேயே முதலிடத்துக்கு வந்தது.

ஆனால் நிலம் வளரவில்லை, சுருங்கியது. பஞ்சராயி, கைரான் என்று வருவாய்ப் பதிவேட்டில் எழுதப்பட்ட மேய்க்கால் புறம்போக்குகள் மனையாகவும் பட்டாவாகவும் மாறிவந்தன. 2015இல் தொடங்கிய ஹரித ஹாரம் மரநடுகையில் காட்டோரத் துண்டுகள் பல வேலியிடப்பட்டன. ஏரிகள் தூர்வாரப்பட்டு, கால்வாய்த் தண்ணீர் வந்து, நெல் இருபோகமானது. உழவர்களுக்கு அது நல்ல செய்தி. அறுத்த வயலில் மந்தை மேயக் கிடைத்த இடைவெளியோ குறுகியது. உழவர்களுக்கு ஏக்கர் கணக்கில் வந்த அரசின் ரைத்து பந்து உதவியும் நிலமில்லாத மேய்ப்பரின் வாசலுக்கு வரவில்லை. எஞ்சிய புறம்போக்கில் 'சர்க்கார் தும்ம' என்று அங்கே அழைக்கும் சீமைக்கருவேலம் புதராக மண்டிக் கிடந்தது. வெளி மாநிலங்களிலிருந்தும் லாரியில் வந்திறங்கிய ஆடுகள் இந்த நிலத்தில்தான் மேய்ந்தாக வேண்டும். பயணக் களைப்பும் புது ஊரின் நோயும் தாங்காமல் செத்த ஆடுகளை ஊருக்கு ஊர் பார்த்தேன். அன்றிலிருந்து, மேய்ச்சலுக்கு வழி சொல்லாமல் ஆடு வாங்க மட்டும் பணம் கேட்கும் எந்தத் திட்டத்துக்கும் நான் பரிந்துரைக் கையெழுத்துப் போட்டதில்லை.

சித்திபேட்டை மாவட்டத்தில் குருமாக் குடும்பங்கள் அதிகமுள்ள ஒரு கிராமம். ஊருக்கு வெளியே பொது மேய்ச்சலுக்கு ஒரு கரடு, அதன் அடிவாரத்தில் சிறிய குட்டை. அங்கே செம்மறி வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் பெயரளவில் இருந்தது. கடனுக்கான முதல் பேச்சுவார்த்தையிலேயே நான் வைத்த நிபந்தனை, தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கரட்டின் பாதியை மூடி வைக்க வேண்டும் என்பது. சங்கத்தின் பெரியவர் உடனே மறுத்தார்.

"கோடை முழுக்கக் காய்ந்த ஆடும்மா. முதல் மழைக்குத் துளிர்க்கிற புல்லைப் பார்த்துத்தான் அது உயிரோடு இருக்கிறது. அன்றைக்கு மலையை மூடு என்றால், மந்தையை எங்கே கொண்டுபோவேன்?"

"பெத்தய்யா, அந்தத் துளிரைக் கடித்தால் அடுத்த வருஷம் வேர் இருக்குமா?"

"இருக்காது. எனக்குத் தெரியாதா? எங்கப்பா காலத்தில் பூப்பூக்கும் வரை விடமாட்டார்கள். அப்போது போக வேறு இடம் இருந்தது. இப்போது இல்லை."

அவர் சொன்னதில் முழு விஷயமும் அடங்கியிருந்தது. மழை விழுந்ததும் பல்லாண்டுப் புல், வேரில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத்தான் முதல் இலையை விடுகிறது. அந்த இலையைத் திரும்பத் திரும்பக் கடித்தால் வேர் மெலிந்து சாகும். பூத்து விதை சிந்தும் வரை விட்டால் வேர் மீண்டும் நிறையும், விதையும் மண்ணில் சேரும். இந்த அறிவு மேய்ப்பரிடம் எப்போதும் உண்டு. கையில் இல்லாதது, அந்தச் சில வாரங்கள் ஆட்டுக்குப் போட வேண்டிய தீவனம். புல்லை விட்டுவைப்பதற்கு ஒரு செலவு இருக்கிறது. அந்தச் செலவை யாரும் கடனாகக் கொடுத்ததே இல்லை.

எங்கள் முதல் கடன் அதற்குத்தான் போனது. கரடு மூடியிருந்த வாரங்களுக்குச் சோளத்தட்டையும் கடலைக்கொடியும் மொத்தமாக வாங்கிச் சேர்த்தோம். கிணறு வைத்திருந்த உறுப்பினர்களின் வயல் ஓரங்களில் சூபாபுல்லும் வேலிமசாலும் வந்தன. கரட்டில் சீமைக்கருவேலத்தை வேரோடு பெயர்த்து, சரிவில் மழைநீர் நிற்கக் குழிகளும் கல்வரப்பும் போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் விதைத்தோம். முயல் மசால் காற்றின் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் பயறுவகைத் தீவனம். வறண்ட சரளை மண்ணிலும் பிடித்துக்கொள்ளும். புதிய ஆடு வாங்க முதல் ஆண்டு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை.

கொழுக்கட்டைப் புல்லைப் பற்றி மேய்ப்பர்களிடம் நான் பேசும் துணிவு கொங்கு நாட்டிலிருந்து வந்தது. காங்கயம், தாராபுரம், மூலனூர், கரூர்ப் பக்கம் கொரங்காடுகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கிளுவை முள்ளால் வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். ஒரு காட்டில் மேய விட்டு மற்றதைத் தேற விடுவார்கள். கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து மந்தையைக் காப்பாற்றும். காங்கயம் மாட்டையும் மேச்சேரி ஆட்டையும் தலைமுறைகளாகத் தாங்கி நிற்கும் முறை இது. மதுரையின் சேவா அமைப்பு இதைப் பற்றி விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. சங்கத்தினர் சிலரை மூலனூர்ப் பக்கம் கூட்டிப்போனபோது, பெத்தய்யா வேலியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "இவருக்குக் கிளுவை காவல். எங்களுக்கு யார் காவல்?" என்று கேட்டார். கொரங்காடு தனியார் நிலம். சித்திபேட்டைக் கரடோ ஊர்ப் பொது. பொது நிலத்துக்கு வேலி, ஊரார் ஒருவருக்கொருவர் கொடுக்கும் சொல்தான்.

அந்தச் சொல்லை ஒப்பந்தமாக்குவதில்தான் எங்கள் உழைப்பில் பெரும்பகுதி போயிற்று. கடன் தனியாளுக்கு இல்லை, சங்கத்துக்கு. மூடிய பாதியில் மந்தையை விட்டவருக்கு என்ன தண்டம் என்பதை ஊர்க் கூட்டம் தீர்மானித்தது, நாங்கள் இல்லை. அடைப்பைக் காப்பாற்றிய ஆண்டில் வட்டியில் ஒரு பகுதி சங்கத்தின் மேய்ச்சல் நிதிக்கே திரும்பும். கோடைக்கு முன்பே கிடாய்க்குட்டிகளையும் பல் தேய்ந்த கிழட்டு ஆடுகளையும் விற்று மந்தையைக் குறைக்க வேண்டும். தவணை வாரத்துக்கும் இல்லை, மாதத்துக்கும் இல்லை. போனாலு, பக்ரீத், தசரா, சங்கராந்தி என்று குட்டி நல்ல விலை போகும் காலங்களை ஒட்டி. மழை பொய்த்தால் அசல் தானாகத் தள்ளிப்போகும் என்பதையும் எழுத்தில் வைத்தோம். இதற்கு ஒப்புக்கொள்ளும் முதலீட்டாளரைக் கண்டுபிடிக்க நீண்ட காலம் பிடித்தது. முதல் நட்டத்தை ஏற்க ஓர் அறக்கட்டளை உத்தரவாதம் தந்த பிறகுதான் பணம் வந்தது.

சங்கக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து கேட்ட கேள்வி ஒப்பந்தத்தையே திருத்தியது. "கடன் எப்போதும் என் பேரில்தான் வந்தது. ஆடு அவர் பேரில் இருக்கிறது. சங்கப் புத்தகத்தில் என் பேர் எங்கே அம்மா?" குட்டிக்குப் பால் ஊட்டுவது, நோயாட்டைப் பிரித்துக் கட்டுவது, பட்டி கூட்டுவது, தழை ஒடித்து வருவது எல்லாம் பெண்கள். தவணைக்காரர் முன் நின்றதும் பெண்கள். சங்க உறுப்பினர் பட்டியலோ ஆண்களுடையது. பெண்களும் உறுப்பினராகாமல் பணம் இறங்காது என்று நாங்கள் நின்றோம். கரட்டின் அடைப்பை நாளும் கவனித்தவர்கள் பிறகு அவர்கள்தான்.

நோய் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்டுக்கடன் வாராக்கடனாவது பெரும்பாலும் நோயால். மழைக்கு முன் துள்ளுமாரி தடுப்பூசியும் குடற்புழு மருந்தும், ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசி அதன் முறைப்படியும் போட வேண்டும். மழைக்குப் பின் சிறு கொசு போன்ற குலிகாய்ட்ஸ் பூச்சி பரப்பும் நீலநாக்கு நோய் வரும். வாய் வீங்கி, கால் நொண்டி, மந்தை கண்முன்னே சாயும். ஐந்து வைரசு வகைகளைத் தடுக்கும் ஊசி இந்தியாவிலேயே உருவானது. அது மழைக்கு முன் கிராமத்தை வந்தடைவதுதான் சிக்கல். குளிர்பெட்டிக்கும் ஊரிலேயே பயிற்சி பெற்ற கால்நடைத் தோழருக்கும் கடனில் பங்கு ஒதுக்கினோம். செத்த பெட்டைக்கு ஈடாக இன்னொரு வீட்டின் பெட்டைக்குட்டியைத் தரும் குட்டிவங்கி ஒன்றைச் சங்கமே நடத்தியது. காப்பீட்டுக் கோரிக்கை நகர்வதற்கு முன்பே அந்த வீட்டுக்கு ஓர் ஆடு வந்துவிடும்.

இந்த நிலத்துக்கு ஏற்ற ஆடு தக்காணிச் செம்மறி. நெடுந்தூரம் நடக்கும், மழையில் நனைந்தும் நிற்கும், காய்ந்த மேய்ச்சலிலும் பிழைக்கும். அதன் கறுப்புக் கம்பளியைக் கையால் நூற்று, புளியங்கொட்டைக் கஞ்சியிட்டு, குருமாக்கள் குழித்தறியில் கொங்கடி என்னும் போர்வையை நெய்வார்கள். கம்பளிக்கு விலை விழுந்து, இறைச்சிக்கு விலை ஏறியபோது, கம்பளியில்லாத, உயரமான நெல்லூர்க் கிடாய்கள் மந்தைகளில் புகுந்தன. கறி எடை கூடியது, தாங்கும் குணம் குறைந்தது. எங்கள் சங்கம் சில வீடுகளில் தக்காணிக் கிடாயைத் தனியே பேண முடிவெடுத்தது. கம்பளிக்கு வாங்குபவர் கிடைத்தால்தான் அந்த முடிவு நிற்கும். நல்ல விலை தரும் கைத்தறிக் கடைகளோடு அவர்களை இணைப்பது என் வேலையின் ஒரு பகுதியானது.

விற்பனை பற்றிய பாடம் ஜியாகுடா சந்தையில். ஐதராபாத்தின் பெரிய ஆட்டுச்சந்தை அது. தரகர் ஆட்டின் முதுகெலும்பை அழுத்திப் பார்த்து, துணிக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார். மேய்ப்பருக்கு எடை தெரியாது. சங்கம் கிராமத்திலேயே எடைமேடை வைத்து, உயிர் எடைக்கு விலை என்று பேசத் தொடங்கியதும் பேரத்தின் போக்கு மாறியது. என் வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் செங்கிச்செர்லாவில் இருக்கும் தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பயிற்சிகளுக்கு இளைஞர்களை அனுப்பினோம். மேய்ச்சலைக் காத்தவனுக்கு அதன் பயன் விலையில் தெரிந்தால்தான் அடுத்த ஆண்டும் காப்பான்.

இதே வழியைத் தென்னாப்பிரிக்காவில் 'மீட் நேச்சுரலி' என்ற நிறுவனம் நடத்துகிறது. பொது நிலத்தில் சுழற்சி மேய்ச்சலுக்கு ஒப்புக்கொண்ட கிராமங்களுக்கே நடமாடும் ஏலச்சந்தையைக் கொண்டுபோகிறது. அதற்கும் இம்பாக்ட் முதலீடு உதவியிருக்கிறது. நம் நாட்டின் கட்ச் பகுதியில் ஒட்டகம் வளர்ப்போர் சங்கமாகத் திரண்டதும், 2019இல் அமுல் ஒட்டகப் பாலைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இன்னொரு பாடம். சந்தை வந்ததும் ஒட்டகம் வளர்க்கும் இளைஞர்களுக்கு நம்பிக்கை வந்தது.

கென்யா எச்சரிக்கை தருகிறது. வடக்கு கென்யாவில் மேய்ச்சலை மாற்றி மண்ணில் கார்பன் சேர்த்து, அதை உலகச் சந்தையில் விற்கும் பெரிய திட்டம் நடந்தது. 2025 ஜனவரியில் இசியோலோ நீதிமன்றம், அங்கிருந்த இரு பாதுகாப்பு அமைப்புகள் மக்களின் முறையான பங்கேற்பு இல்லாமல் சமூக நிலத்தில் அமைக்கப்பட்டவை என்று தீர்ப்பளித்தது. நல்ல நோக்கம் சொல்லி வரும் பணமும், நிலம் யாருடையது என்ற கேள்வியைத் தாண்டிக் குதித்தால் மேய்ப்பரை வெளியே தள்ளிவிடும். நம் நாட்டில் 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும், நாடோடி மேய்ப்பர்களின் பருவகால உரிமையையும் ஏற்கிறது. பொது நில ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊரிடம் ஒப்படைக்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கடன் மனுவோடு இந்த உரிமைக்கான மனுவையும் ஊராட்சியில் பதிவு செய்யச் சொல்வது அதனால்தான். உரிமை உறுதியாகாத நிலத்தில் போடும் கல்வரப்பு, நாளை வரும் மனைப்பிரிவுக்காரருக்குப் போட்ட அடித்தளமாகிவிடும்.

முதலீட்டாளர்கள் கூட்டத்தில், 'எத்தனை பயனாளி, எத்தனை ஆடு' என்ற கட்டங்களை நிரப்பச் சொல்வார்கள். நான் வேறு நான்கு கேள்விகளை எழுதித் தருவேன். கோடையின் முடிவில் தரையில் எவ்வளவு புல் மிஞ்சியது? மூடிய நிலத்தை ஊர் மதித்ததா? தவணைக்காக எத்தனை பெட்டை ஆடுகள் விற்கப்பட்டன? நிலத்தின் உரிமை பதிவேட்டில் எங்கே நிற்கிறது? இவற்றுக்குப் பதில் நல்லதாக இருந்தால் பணம் தானே திரும்பும்.

2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. உலகின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் மேய்ச்சல் நிலம் என்றும், அதில் பாதி வரை சீரழிந்திருக்கலாம் என்றும் ஐ.நா.வின் பாலைவனமாதல் தடுப்பு அமைப்பு 2024இல் சொன்னது. இந்தியாவில் நிரந்தர மேய்ச்சல் நிலம் என்று கணக்கில் உள்ளது சுமார் ஒரு கோடி ஹெக்டேர், நாட்டின் பரப்பில் மூன்று சதவீதம் அளவுக்கு. அதை வெறும் தரிசு என்று எழுதும் பழக்கத்தை அரசும் வங்கியும் முதலில் விட வேண்டும். அது மேய்ப்பரின் மூலதனம். பணத்தோடு வருகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: முதல் தவணையைப் புல்லுக்குக் கொடுங்கள், அதைக் காக்கிற ஊரின் கையில் நிலத்தின் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள், மழை எந்த வேகத்தில் வருகிறதோ அந்த வேகத்தில் திரும்பக் கேளுங்கள். மந்தையைப் பெருக்க மேய்ப்பருக்கு நம் யாருடைய உதவியும் தேவையில்லை.